இணையப் போக்குவரத்துப் பெருகுவது எதனால்? – ஒரு கணக்குப் பாடம்

கூட்டுறவுச் சங்கங்களின் நிர்வாகக் குழுக் கூட்டங்களில் இக்காலத்தில் அடிக்கடி செவியில் விழும் சொல் ‘இணையம்’ என்பதாகும். சங்கக் கணக்கு எழுதப்படுவது கணினியில். நூல் கொள்முதல் பற்றிய கடிதம் செல்வது இணையத்தில். சேலையின் படம் வாங்குவோர் கைக்குப் போய்ச் சேருவதும், விற்ற பணம் சங்கத்தின் வங்கிக் கணக்கில் வந்து விழுவதும் அதன் வழியே. 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மத்திய அரசு, 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்குவதற்கென 2,516 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் அளித்தது. ஆகவே இணையம் என்பது நகரவாசிகளின் விஷயம் என்று நாம் இனி ஒதுங்கியிருப்பதற்கில்லை.

“இணையம் நாளுக்கு நாள் பெருகி வருகிறது” என்று எல்லோரும் சொல்லுகிறார்கள். சொல்லுவது உண்மையே. ஆயினும், எவ்வளவு பெருகியது? எதனால் பெருகியது? யாருக்குப் பெருகியது? இம்மூன்று வினாக்களையும் எழுப்புவார் அரியர். “இவ்வாண்டு வியாபாரம் பெருகியது” என்று ஆண்டறிக்கையில் ஒரு வரி மட்டும் எழுதியிருந்தால் தணிக்கையாளர் அதை ஏற்றுக்கொள்வாரா? அளவு எங்கே, விலை எங்கே, இருப்பு எங்கே என்று கேட்பாரன்றோ? அதே முறையில் இணையத்தின் வளர்ச்சியையும் கணக்குப் பார்ப்பதே இப்பாடத்தின் நோக்கம். இக்கணக்கைப் பாராமல் இக்கட்டுரையாளனே ஒரு முறை தவறியதுண்டு; அதனைப் பின்னர்ச் சொல்லுவேன்.

1. இணைப்பு வேறு, போக்குவரத்து வேறு

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்து அறிதல் வேண்டும். இணைப்பு என்பது வாய்க்கால். போக்குவரத்து என்பது அதில் ஓடும் தண்ணீர். ஓர் ஊருக்கு வாய்க்கால் வெட்டப்பட்டிருக்கலாம், தண்ணீர் வாராதிருக்கலாம். அன்றி, வாய்க்காலின் நீளம் கூடாமலே அதில் ஓடும் தண்ணீர் பன்மடங்கு பெருகலாம்.

ஆதலின் மொத்தப் போக்குவரத்து என்பது ஒரு பெருக்கற்கணக்கு. உபயோகிப்போர் எத்தனை பேர், தலைக்கு எவ்வளவு உபயோகிக்கிறார்கள் என்ற இரண்டையும் பெருக்கினால் வருவது அது. பாசனத்தில் ஏக்கர் எத்தனை, ஏக்கருக்குத் தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பது போன்றதே.

நம் நாட்டுக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட புள்ளிவிவரங்களின்படி, 2014-ஆம் ஆண்டு இறுதியில் கம்பியில்லா இணையச் சந்தாதாரர்கள் சுமார் 28 கோடிப் பேர். 2018 இறுதியில் அவர்கள் சுமார் 58 கோடிப் பேர். அதாவது இரு மடங்குக்குச் சற்று மேல். அதே காலத்தில் தலைக்கு ஒரு மாத உபயோகம் 0.27 கிகாபைட்டிலிருந்து 7.6 கிகாபைட்டாக, அதாவது 28 மடங்காக உயர்ந்தது. (ஒரு கிகாபைட் என்பது நூறு கோடி பைட், ஒரு பைட் என்பது ஏறக்குறைய ஓர் ஆங்கில எழுத்தைக் குறிக்கும் அளவு.) இரண்டையும் பெருக்குங்கள், ஐம்பத்தைந்து மடங்குக்கு மேல் வருகிறது. ஆண்டு முழுவதற்கும் ஆணையம் தந்த மொத்தக் கணக்கும் அதனையே மெய்ப்பிக்கின்றது: 2014-இல் 82.8 கோடி கிகாபைட், 2018-இல் 4,640 கோடி கிகாபைட், 56 மடங்கு.

இதனால் அறியத்தக்கது யாது? நான்கு ஆண்டுகளில் புதிதாகச் சேர்ந்தவர்களால் வந்தது இரு மடங்கு. மற்ற 28 மடங்கு, தலைக்கு உபயோகம் மிகுந்ததனால் வந்தது. “மக்கள் சேர்ந்தார்கள், ஆதலால் போக்குவரத்துப் பெருகியது” என்று மட்டும் சொல்லுவது பாதிக் கணக்குக்கும் குறைவு.

2. விலை குறைந்தது, வருமானம் குறைந்ததா?

தலைக்கு உபயோகம் இவ்வாறு பெருகியதற்கு முதற் காரணம் விலை. அதே ஆணையத்தின் கணக்கில், ஒரு கிகாபைட்டுக்கு 2014-இல் 269 ரூபாய். 2018-இல் 11 ரூபாய் 78 காசு. இருபத்துமூன்றில் ஒரு பங்காக விலை வீழ்ந்துவிட்டது. 2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் நான்காம் தலைமுறை அலைபேசிச் சேவையுடன் சந்தையில் நுழைந்ததும், ஏனைய நிறுவனங்கள் அதற்கு ஈடாக விலையைக் குறைக்க நேர்ந்ததும் இவ்வீழ்ச்சியை விரைவுபடுத்தின.

விலை இப்படி வீழ்ந்தால் விற்போரின் வரவு என்ன ஆகும்? அங்கத்தினர்கள் காகிதமும் எழுதுகோலும் கொண்டு இக்கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டுகிறேன். 2014-இல் 82.8 கோடி கிகாபைட்டை 269 ரூபாயால் பெருக்கினால் சுமார் 22,270 கோடி ரூபாய். 2018-இல் 4,640.4 கோடி கிகாபைட்டை 11.78 ரூபாயால் பெருக்கினால் சுமார் 54,660 கோடி ரூபாய். விலை இருபத்துமூன்றில் ஒன்றாகியும் மொத்த வரவு இரண்டரை மடங்காயிற்று!

இது மாயமன்று. விலை சிறிது குறைந்தாலும் உபயோகம் மிகுதியாக ஏறும் பண்டங்கள் உலகில் உண்டு. 1865-ஆம் ஆண்டிலேயே ஜெவன்ஸ் என்ற ஆங்கிலப் பொருளியல் அறிஞர் நிலக்கரி விஷயத்தில் இதனைக் கண்டார். நீராவி இயந்திரங்கள் குறைந்த கரியில் மிகுந்த வேலை செய்யத் தொடங்கியபோது கரிச் செலவு குறையும் என்று பலர் எண்ணினர், குறையவில்லை, ஏறிற்று. ஏனெனில், முன்பு இயந்திரம் வைக்க இயலாதவரெல்லாம் வைக்கலாயினர். இணையமும் அத்தன்மையதே. கடிதம் மட்டும் அனுப்பி வந்தவர் படம் அனுப்பினார். படம் அனுப்பியவர் முகம் பார்த்துப் பேசலானார்.

எனினும் ஓர் எச்சரிக்கை. விலை குறைந்தால் வரவு பெருகும் என்பது எல்லாப் பண்டத்துக்கும் பொருந்தாது. உப்பின் விலை பாதியானால் யாரும் குழம்பில் இரு மடங்கு உப்பிடுவதில்லை. நம் சேலைக்கும் நெல்லுக்கும் இக்கணக்கை அப்படியே எடுத்தாளுதல் கூடாது.

3. விலை குறைய இயன்றது எதனால்?

விற்போர் விலையைக் குறைக்க விரும்பலாம். ஆனால் அடக்கவிலை இடங்கொடுக்க வேண்டுமே! அவ்விடத்தைக் கொடுத்தது ஓர் இழை. நெசவாளர் நாள்தோறும் கையாளும் பருத்தி இழையன்று. மயிரிழை போன்ற கண்ணாடி இழை.

செய்தியை ஒளியாக மாற்றிக் கண்ணாடி இழையின் வழியே தொலைதூரம் செலுத்தலாம் என்று 1966-இல் சார்லஸ் காவ் என்ற அறிஞர், ஹாக்கம் என்பவருடன் சேர்ந்து எழுதினார். ஒளி வழியில் மங்கிப் போவது கண்ணாடியின் இயல்பால் அன்று, அதில் கலந்துள்ள மாசினால் என்பது அவர் கண்ட உண்மை. 1970-இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தார் வேண்டிய தெளிவுடைய இழையைச் செய்து காட்டினர். 2009-இல் காவ் அவர்களுக்கு நோபல் பரிசு அளிக்கப்பெற்றது.

1988-இல் அட்லாண்டிக் கடலின் அடியில் முதல் கண்ணாடி இழைத் தொலைபேசி வடம் இடப்பட்டது. அதில் ஓர் இழைச் சோடி விநாடிக்கு 28 கோடி பிட் செய்தியைக் கொண்டு சென்றது. (எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட்.) 2017-இல் அதே கடலில் இடப்பட்ட மாரியா என்னும் வடத்தில் எட்டு இழைச் சோடிகள், வடிவமைப்பின்படி ஒவ்வொரு சோடியும் விநாடிக்கு 20 லட்சம் கோடி பிட் கொண்டு செல்லக்கூடியது. முப்பது ஆண்டுக்குள் ஒரே சோடியின் தாங்குதிறன் சுமார் 70,000 மடங்கு!

இது நிகழ்ந்த விதம் நெசவாளருக்கு எளிதில் விளங்கும். 1987-இல், ஒளியை மின்சாரமாக மாற்றாமல் ஒளியாகவே வலுவூட்டும் முறை கண்டறியப்பட்டது. பின்னர் 1990-களின் நடுவில், ஓர் இழையில் ஒரு நிற ஒளிக்குப் பதிலாகப் பல நிற ஒளிகளை ஒன்றோடொன்று கலவாமல் ஒருங்கே செலுத்தும் முறை நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு நிறமும் ஒரு தனி வழி. கடலில் கப்பலைச் செலுத்தி வடத்தை இடுவதும், நிலத்தில் பள்ளம் தோண்டிக் குழாய் புதைப்பதுமே பெருஞ்செலவு. இழை கிடந்தபடியே கிடக்க, இரு முனைகளிலும் உள்ள கருவிகளை மாற்றினால் திறன் பெருகும். தறியை மாற்றாமல் ஜக்கார்டு பெட்டியை மட்டும் மாற்றிப் புதிய டிசைன் நெய்வதற்கு இதனை ஒப்பிடலாம். போட்ட முதல் ஒன்றே; ஓடும் சரக்கோ பன்மடங்கு. ஆகவேதான் கிகாபைட் ஒன்றுக்கு அடக்கவிலை வீழ்ந்தது.

நம் மாநிலக் கரையும் இவ்வளர்ச்சியில் பங்கு கொண்டது. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு 2002-இல் ஒரு கடல்வடம் வந்தது. தென்கிழக்கு ஆசியாவையும் மேற்கு ஐரோப்பாவையும் இணைக்கும் நான்காம் பெருவடம் 2005-இல் சென்னையையும் மும்பையையும் தொட்டது. 2006-இல் தூத்துக்குடியிலிருந்து இலங்கைக்கு ஒரு வடம். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து அந்தமான் தீவுகளுக்குச் சுமார் 2,300 கிலோமீட்டர் வடம். 1995 ஆகஸ்ட் 15-ஆம் நாள் நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையச் சேவை தொடங்கியபோது, தொலைபேசி வழியாகக் கிடைத்த வேகம் விநாடிக்கு 9,600 பிட். பத்து லட்சம் பைட் அளவுள்ள ஒரு சேலைப் படத்தை அவ்வேகத்தில் அனுப்ப ஏறக்குறைய 14 நிமிடம் பிடிக்கும். விநாடிக்கு ஒரு கோடி பிட் வேகத்தில் ஒரு விநாடிகூடப் பிடிக்காது.

4. வாய்க்காலில் ஓடுவது யாது?

வாய்க்கால் அகன்றது, விலை குறைந்தது என்றால், அதில் ஓடுவது யாது? பெரும்பகுதி அசையும் படம். 2022-ஆம் ஆண்டில் உலக இணையப் போக்குவரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு காணொலி என்று ஓர் ஆய்வு நிறுவனத்தின் அளவீடு காட்டியது. 2005-இல் யூடியூப் தோன்றியது. 2007 முதல் தொடுதிரைக் கைபேசிகள் பரவின. பார்க்கும் கருவி வீட்டுக் கூடத்திலிருந்து சட்டைப் பைக்குள் வந்தது. 2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளியும் அலுவலகமும் வீட்டுக்குள் வந்தபோது, ஐரோப்பாவில் காணொலி நிறுவனங்கள் படத்தின் தரத்தைக் குறைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டன.

இங்கு ஒரு கணக்கை மனத்தில் இருத்துதல் நலம். நீங்கள் படிக்கும் இக்கட்டுரையைக் கணினி எழுத்தில் சேமித்தால் சுமார் 60,000 பைட் ஆகலாம். மணிக்கு ஒரு கிகாபைட் என்ற அளவில் ஓடும் காணொலியில் இது கால் விநாடிக்கும் குறைவு! சங்கத்துக்கு வரும் பணச் செய்தியோ இதிலும் சிறியது. 2016 முதல் நம் நாட்டில் பரவிய கைபேசிப் பணப் பரிமாற்றம் கடைத்தெருவையே மாற்றிவிட்டது. ஆயினும் மொத்தப் போக்குவரத்தில் அதன் எடை துரும்பளவே. ஆகவே போக்குவரத்தின் அளவு வேறு, அதன் மதிப்பு வேறு. வைக்கோற்போர் பெரிது, விதைநெல் மூட்டை சிறிது. எது வேண்டியது என்பதை உழவர் அறிவர்.

5. களஞ்சியமும் சந்தையும்

இத்தனைக் காணொலியும் அமெரிக்காவிலிருந்தே ஒவ்வொரு முறையும் கடல் கடந்து வருவதாயின் எந்த வடமும் தாங்காது. வராமல் தடுத்தவை இரண்டு ஏற்பாடுகள்.

ஒன்று, களஞ்சியம். பலர் விரும்பும் படங்களின் நகலை அந்தந்த நாட்டிலும் நகரத்திலும் முன்கூட்டியே இருப்பு வைத்தல். 1998-இல் தொடங்கப்பட்ட ஆகமாய் என்ற நிறுவனம் இத்தொழிலில் முன்னோடி. தீபாவளிக்கு வேண்டிய சரக்கை ஒவ்வொரு வாடிக்கையாளர் கேட்ட பின் தறியிலிருந்து அனுப்புகிறோமா? ஊர்தோறும் உள்ள விற்பனை நிலையத்தில் முன்பே இருப்பு வைக்கிறோம். அதுவே இது. அருகிலிருந்து வருவதால் படம் தடையின்றி ஓடுகிறது. தடையின்றி ஓடுவதால் மக்கள் மேலும் பார்க்கின்றனர்.

மற்றொன்று, சந்தை. முற்காலத்தில் ஒரே நகரில் இருக்கும் இருவர், வெவ்வேறு நிறுவனத்தின் இணைப்பை வைத்திருந்தால், ஒருவர் அனுப்பும் செய்தி பல வேளைகளில் வெளிநாடு சென்று திரும்பி மற்றவரை அடையும். பக்கத்துத் தோட்டத்து வாழைத்தார் கோயம்பேடு போய் மீண்டும் நம் ஊர்க் கடைக்கு வருவது போல! 2003-இல் இந்திய தேசிய இணையப் பரிமாற்றகம் நிறுவப்பட்டது. அங்கே பல நிறுவனங்கள் கூடி, உள்நாட்டுச் செய்தியை உள்நாட்டிலேயே கைமாற்றிக்கொள்கின்றன. கூலி குறைந்தது, காலமும் குறைந்தது.

6. நூறு நாள் கதை

இதுவரை பெருக்கத்தின் காரணங்களைக் கண்டோம். இனி அதன் அளவைப் பற்றிச் சொல்லப்பட்ட ஒரு பொய்க் கணக்கைக் காண்போம். அங்கத்தினர்கள் இப்பகுதியைக் கவனத்துடன் படிக்க வேண்டும்.

1995, 1996 ஆகிய இரண்டு ஆண்டுகளில் அமெரிக்காவில் இணையப் போக்குவரத்து மெய்யாகவே மிகக் கடுகிப் பெருகியது. ஏறக்குறைய நூறு நாளுக்கு ஒரு முறை இரட்டித்தது. அதன் பிறகு வேகம் தணிந்து, ஆண்டுக்கு ஒரு முறை இரட்டிக்கும் நிலைக்கு வந்துவிட்டது. ஆனால் “நூறு நாளுக்கு ஒரு முறை இரட்டிக்கிறது” என்ற வாக்கியம் மட்டும் ஓயவில்லை. 1998-இல் அமெரிக்க வணிகத் துறையின் அறிக்கையிலேயே அது இடம்பெற்றது. அரசாங்க அறிக்கையிலிருந்து பத்திரிகைக்கு. பத்திரிகையிலிருந்து பங்குச் சந்தைக்கு.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு? ஆண்டுக்கு ஒரு முறை இரட்டித்தால் ஐந்து ஆண்டுகளில் 32 மடங்கு. நூறு நாளுக்கு ஒரு முறை இரட்டித்தால் ஓராண்டிலேயே பன்னிரண்டரை மடங்கு. ஐந்து ஆண்டுகளில் 3 லட்சம் மடங்குக்கு மேல்! இந்த 3 லட்சம் மடங்கை நம்பி நிறுவனங்கள் கடன் வாங்கிக் கண்ணாடி இழையைக் கண்டங்கள் தோறும் புதைத்தன. ஆண்ட்ரூ ஒட்லிஸ்கோ என்ற கணித அறிஞரும் காஃப்மன் என்பவரும் 1998-இலேயே அளவீடுகளைத் திரட்டி, வளர்ச்சி ஆண்டுக்கு ஏறக்குறைய இரு மடங்கே என்று எழுதினர். கேட்டவர் சிலர்.

முடிவு யாது? இழை மிகுந்தது, சரக்கு இல்லை. 2002 ஜனவரியில் குளோபல் கிராசிங் என்ற கடல்வட நிறுவனம் திவாலாயிற்று. அதே ஆண்டு ஜூலையில், கணக்குப் புரட்டு வெளிப்பட்ட வேர்ல்ட்காம் நிறுவனம் திவாலாயிற்று. அமெரிக்க வரலாற்றில் அதுவரை நேர்ந்த திவால்களுள் அதுவே பெரிது. ஓய்வுக்கால சேமிப்பைப் பங்குகளில் போட்டிருந்த எளியவர் பலர் நஷ்டமுற்றனர்.

புதைத்த இழை மட்டும் மண்ணிலும் கடலிலும் கிடந்தது. அது மலிந்த விலைக்குக் கைமாறியது. ஃபிளாக் என்ற பன்னாட்டு வட நிறுவனத்தை 20.7 கோடி டாலருக்கு ரிலையன்ஸ் வாங்க 2003-இல் உடன்பாடாயிற்று. 200 கோடி டாலருக்கு மேல் செலவிட்டு அமைக்கப்பட்ட டைகோ வடங்களை 13 கோடி டாலருக்கு விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் வாங்க 2004-இல் உடன்பாடாயிற்று. நாம் பெற்ற மலிவான இணையத்தில் இந்த நஷ்டத்தின் பங்கும் உண்டு. முதல் போட்டவர் வேறு. பயன் பெற்றவர் வேறு.

7. எங்கள் சங்கங்களில் ஒன்றில் நிகழ்ந்தது

இனி முன்னர்ச் சொன்ன என் தவற்றைச் சொல்லுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளர் சங்கத்தில் தனி இணையவழி ஒன்றை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் எடுக்கும் தீர்மானம் வந்தது. ஒரு நிறுவனத்தின் பிரதிநிதி வண்ணப் படங்களுடன் ஒரு தாள் கொடுத்திருந்தார். சங்கத்தின் இணையத் தேவை ஆறு மாதத்துக்கு ஒரு முறை இரட்டிக்கும் என்பது அத்தாளின் சாரம். அளந்த கணக்கு அதில் ஒன்றும் இல்லை. நானும் அதைப் படித்து, “பரிந்துரைக்கத்தக்கது” என்று குறிப்பு எழுதினேன்.

ஓராண்டு கழிந்தது. பேரவைக் கூட்டத்தில் வரவு செலவு படிக்கப்பட்டபோது, நாற்பது ஆண்டு தறியில் இருந்த ஓர் அங்கத்தினர் எழுந்தார். “ஐயா, நான் நெய்த சேலையை முழக்கோல் வைத்து அளந்துதானே கூலி கொடுக்கிறீர்கள்? இந்தக் கம்பியில் ஓடினதை எந்தக் கோலால் அளந்தீர்கள்?” என்றார். அவையில் எவரும் பேசவில்லை. என்னிடமும் விடை இல்லை.

மறுநாள் சங்கத்துக்குச் சென்று பார்த்தேன். இணைப்புப் பெட்டியிலேயே மாதந்தோறும் ஓடிய அளவு பதிவாகியிருந்தது. ஓராண்டாக எவரும் அதைத் திறந்து பார்க்கவில்லை. மின்னஞ்சல், வங்கி, வரிக் கணக்கு, விற்பனை நிலையத்தின் பில், சேலைப் படங்கள் ஆகிய அனைத்தும் சேர்ந்து, அதிக நெரிசல் உள்ள வேளையிலும், எடுத்த திறனில் பத்தில் ஒரு பங்கைத் தொடவில்லை. அவ்வாண்டு சாயப்பட்டறைக் கூரை பழுதுபார்க்கப் பணம் போதவில்லை என்று தள்ளி வைத்திருந்தார்கள். அக்கூரையின் கீழ் நின்றபோது எனக்கு உண்டான வெட்கம் இன்றும் நீங்கவில்லை. நூறு நாள் கதை அமெரிக்காவில் மட்டும் நிகழ்வதன்று.

பொது வளர்ச்சியும் எக்காலத்தும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. நம் நாட்டில் தலைக்கு மாத உபயோகம் 2014 முதல் 2018 வரை நான்கு ஆண்டில் 28 மடங்காயிற்று. 2024-இல் அது சுமார் 20 கிகாபைட். அதாவது ஆறு ஆண்டில் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். ஆண்டு வீதம் 17, 18 சதவிகிதமே. வளர்ச்சிதான்; ஆனால் முன்னைய வளர்ச்சியன்று. முதல் நடையில் கண்ட விளைச்சலை எல்லாப் போகத்துக்கும் எழுதிவைப்பது உழவர் வழக்கமன்று.

8. கடைமடை

இனி மூன்றாம் வினா: யாருக்குப் பெருகியது? தலைமடையில் வெள்ளம் புரண்டாலும் கடைமடை காய்வதுண்டு. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 2024-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, உலக மக்களில் 68 சதவிகிதம் இணையத்தை உபயோகித்தனர். நகரங்களில் 83 சதவிகிதம். கிராமங்களில் 48 சதவிகிதம். உபயோகிக்காத 260 கோடிப் பேரில் 180 கோடிப் பேர் கிராமவாசிகள். அலைபேசி அகலவழி எட்டாத மக்களோ 4 சதவிகிதமே. அவ்வாறாயின், வாசல் வரை வாய்க்கால் வந்தும் உபயோகிக்காதவர் 28 சதவிகிதம்! கருவியின் விலை, எழுத்தறிவு, தம் மொழியில் பயன்படு பொருள் இன்மை, பெண்கள் கையில் கருவி இன்மை முதலியன அவர்களைத் தடுத்து நிற்கின்றன. இவற்றைக் கம்பி தீர்க்காது, கல்வியே தீர்க்கும்.

கம்பியும் வேண்டுவதே. நம் நாட்டில் கிராம ஊராட்சிகள் அனைத்தையும் கண்ணாடி இழையால் இணைக்கும் திட்டம் 2011 அக்டோபரில் ஒப்புதல் பெற்று, 2015 முதல் பாரத்நெட் என வழங்குகிறது. தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளுக்கென ‘டான்பிநெட்’ என்ற அரசு நிறுவனம் அப்பணியை ஏற்றது.

வணிகர் வாராத இடத்தில் கூட்டுறவு வந்ததற்கும் சான்று உண்டு. இங்கிலாந்தின் லங்காஷயர் என்ற பெயரை நெசவாளர் அறிவர். நம் கைத்தறியை நலியச் செய்த ஆலைத்துணி அங்கிருந்தே வந்தது. 1844-இல் ராச்டேல் முன்னோடிகள் கூட்டுறவுக் கடை வைத்ததும் அம்மாவட்டத்திலேயே. அதே லங்காஷயரின் வடபகுதியில், வீடுகள் தொலைவில் சிதறிக் கிடப்பதால் பெரிய நிறுவனங்கள் இழை போட முன்வரவில்லை. 2011-இல் ஊரார் கூடிச் சமூக நலச் சங்கம் ஒன்றைப் பதிவு செய்தனர். ‘வடபுலக் கிராமங்களுக்கு அகலவழி’ என்று பொருள்படும் பெயரின் சுருக்கமாக அதனைப் ‘பார்ன்’ என்று அழைக்கின்றனர். பங்கு விற்று முதல் திரட்டினர். நிலவுடைமையாளர் தம் நிலத்தின் வழியே இழை செல்லக் கட்டணம் கேட்கவில்லை. உழவர்கள் தம் வயலில் தாமே பள்ளம் தோண்டினர்; அவ்வுழைப்புக்கு ஈடாகப் பங்கும் பெற்றனர். விநாடிக்கு நூறு கோடி பிட் வேக இணைப்பு, தொடக்கத்தில் மாதம் 30 பவுன் விலையில், ஆட்டுப் பட்டிகளுக்கு நடுவே உள்ள வீடுகளை அடைந்தது. அமெரிக்காவிலும், 1930-களில் கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுவந்த கூட்டுறவுச் சங்கங்களிற் பல இன்று அதே கம்பங்களின் வழியே கண்ணாடி இழையைக் கொண்டு செல்கின்றன. அங்கெல்லாம் தேவை எவ்வளவு என்று எண்ணியவர்கள் உபயோகிக்கப் போகிறவர்களே. ஆதலால் கணக்குப் பெரிதும் பிசகவில்லை.

9. சங்கங்கள் செய்யத்தக்கன

அங்கத்தினர்கள் தம் சங்கத்தில் இவற்றைக் கேட்கலாம். கேட்பது அவர்கள் உரிமை.

முதலாவது, மாதந்தோறும் ஓடிய அளவைப் பதிவேட்டில் எழுதுக. மின்சார மீட்டர் அளவை எழுதுவது போன்றதே அது.

இரண்டாவது, சராசரியைப் பாராமல் உச்ச வேளையைப் பார்க்க. தீபாவளி வாரத்து மாலையில் பில் நின்றுவிட்டால், ஆண்டு முழுதும் வழி காலியாக இருந்ததில் பயனில்லை.

மூன்றாவது, விலை இறங்கிவரும் பண்டத்துக்கு நீண்ட ஒப்பந்தம் செய்யற்க. ஓராண்டுக்கு எடுத்து, கணக்குப் பார்த்து, மீண்டும் எடுக்க. திறனைக் கூட்டவும் குறைக்கவும் ஒப்பந்தத்தில் இடம் இருக்க வேண்டும்.

நான்காவது, எவரேனும் வளர்ச்சி வீதம் சொன்னால், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, அளந்தவர் யார் என்று கேட்க. விடை எழுத்தில் வரட்டும்.

ஐந்தாவது, சங்கத்தின் கடைமடையில் இருப்பவர் யார் என்று எண்ணுக. கூலிச் சீட்டைக் கைபேசியில் அனுப்பும் சங்கத்தில், கைபேசி இல்லாத விதவை நெசவாளிக்குக் காகிதச் சீட்டு நின்றுவிடக் கூடாது.

படிப்பு வட்டத்துக்குரிய வினாக்கள்

1. ஒரு சங்கத்தில் இணையம் உபயோகிப்போர் 4 பேரிலிருந்து 6 பேராயினர். தலைக்கு உபயோகம் 10 கிகாபைட்டிலிருந்து 20 ஆயிற்று. மொத்தம் எத்தனை மடங்கு பெருகியது? அதில் எக்காரணம் பெரிது?

2. ஆறு மாதத்துக்கு ஒரு முறை இரட்டிப்பதாயின் மூன்று ஆண்டில் எத்தனை மடங்கு? உங்கள் சங்கத்து விற்பனை அவ்வாறு பெருகியதுண்டா?

3. உங்கள் சங்கத்தின் சென்ற மாத இணைய உபயோகம் எவ்வளவு? செயலாளரைக் கேட்டு எழுதுக.

மூன்றாம் வினாவுக்கு விடை கிடைக்கவில்லையென்றால், அதையே அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் முதல் பொருளாக வைக்க.